பெயரில் நின்ற குரல்

2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதின்மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். பெரம்பலூரில் நாம் பணிபுரியும் இதே மருத்துவமனையின் பெஞ்சில், ஒரு வாரமாகக் குரலே வராத ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. இந்த வேலை எனக்கு உண்மையில் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

ஆய்வுப் படிப்புக்காக நான் விடைபெறுகிறேன். என் நாற்காலியில் அமரப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். நம் வேலையைச் சொல்ல ஒரு வரி போதும்: மருத்துவர் பார்ப்பதற்கு முன்பு நோயாளியிடம் பேசி, உடம்புக்கு என்ன என்று கேட்டு எழுதி வைப்பது. இரத்த அழுத்தம் பார்ப்பது, எடை பார்ப்பது எல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். வராதது வேறு. எதிரில் இருப்பவரின் வலி உடம்பிலிருந்து வருகிறதா, மனத்திலிருந்து வருகிறதா என்று நாம் நமக்குள் முடிவு கட்டிக்கொள்ளும் அந்த அவசரம் இருக்கிறதே, அதை அடக்குவதுதான் கடினம். நான் அப்போது அஞ்சல்வழியில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கதைகளில் ஊறியவளுக்கு ஒவ்வொரு தலைவலிக்குப் பின்னும் ஒரு கதை தெரியும். அது பலம்தான். ஆபத்தும்கூட.

ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில், அண்ணன் தம்பிச் சண்டை முடிந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். கூட வந்த அத்தனை பேரும், "மனசு வுட்டுப்போச்சுங்க, அவ்வளவுதான்" என்றார்கள். நம் டாக்டர் அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் முதலில் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். அடுத்த கால் மணி நேரத்தில் அந்த நோயாளி திருச்சிக்குப் போகும் வண்டியில் இருந்தார். உயிர் பிழைத்தார். சண்டையும் உண்மை, மாரடைப்பும் உண்மை. ஆகவே நம் மேசையில் வரிசை மாறக்கூடாது: முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், அதன் பிறகே மனத்தைக் கேட்க வேண்டும்.

இனி அந்தச் சிரிப்பு.

அவர் பெயர் தனலட்சுமி. முப்பத்தைந்து வயதிருக்கும். ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சிற்றூரின் ஊராட்சித் தலைவர். முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஜெயித்தவர். உடன் வந்த கணவர் முருகேசன் டிராக்டர் ஓட்டுகிறவர். மனைவியின் நிலையை அவரே சொன்னார்.

"ஒரு வாரமா குரலே வரலீங்க. காத்துதான் வருது. அவ பேசலைன்னதும் வூடே கோயிலு மாரி அமைதியா கெடக்குது."

பக்கத்தில் மூட்டுவலிக்காகக் காத்திருந்த பெரியவர், "அது என்ன மருந்துன்னு கேட்டுச் சொல்லு தம்பி, எங்க வூட்டுக்கும் ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்" என்றார்.

அவருடைய மனைவி அங்கேயே இருந்தார். "வாங்கிட்டு வா. நான் பேசலைன்னா சோறு வெந்துச்சா இல்லையான்னுகூட உமக்குத் தெரியாது. பச்சரிசியத் தின்னுட்டுப் படு."

பெஞ்சே சிரித்தது. தனலட்சுமியும் சிரித்தார், கணீரென்று. சிரித்து முடித்து, "ஐயோ அம்மாயி" என்று சொல்ல வாயெடுத்தார். வெறும் காற்றுதான் வந்தது.

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. சிரிப்பும் பேச்சும் ஒரே தொண்டையில்தானே பிறக்கின்றன? ஒன்று வரும்போது மற்றொன்று எப்படி வராமல் போகும்? நான் எழுந்து உள்ளே ஓடினேன். நோயாளியைப் பற்றிய செய்தியை ஓடிப்போய்ச் சொல்லும் வழக்கம் எனக்கு அதற்கு முன்பு இருந்ததில்லை.

"டாக்டர், வெளியே குரல் போன ஒருத்தங்க சத்தம் போட்டுச் சிரிக்கிறாங்க."

நம் டாக்டரை உங்களுக்குத் தெரியும். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "ஏ தமிழ், சிரிச்சாங்களா? நல்லாக் கேட்டியா? அப்ப அவங்களை அடுத்து அனுப்பு" என்றார்.

தொண்டைக்குள் சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை. குரல் நாண்கள் இரண்டும் அழகாக அசைந்தன. இருமச் சொன்னார். இருமல் முழுச் சத்தத்துடன் வந்தது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்களிலும் அதே பரபரப்பு.

இந்த இடத்தில் நம்மில் பலர் வாய் தவறி ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறோம்: "ஒண்ணுமில்லை." தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். நாம் ஆறுதலாகச் சொல்வது, கூட வந்தவர்கள் காதில் வேறாக விழுகிறது. முருகேசனிடம் அன்று அதைச் சொல்லியிருந்தால், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அந்தப் பெண் நடிக்கிறவர் ஆகியிருப்பார். டாக்டர் சொன்னது இது:

"தொண்டையில புண்ணு இல்ல. ஆனா குரல் வராதது நெசம். அவங்க வேணும்னு பண்ணல. ஒக்காந்து எந்திரிச்சா கால் மரத்துப்போவுதே, அது நடிப்பா? அந்த மாதிரி குரல் மரத்திருக்கு. திரும்பி வரும்."

முருகேசன் தலையைச் சொறிந்தார். "வரட்டுங்க மேடம். ஆனா வெள்ளிக்கிழமைக்கு மேல வந்தா நல்லது. ரெஸ்ட்டு வேணும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுங்களேன்."

"ஏன் வெள்ளிக்கிழமை?"

"நாளன்னைக்கு ஆகஸ்ட் பதினஞ்சு. கிராம சபைங்க. இவளுக்கு முடியலைன்னு டாக்டர் சீட்டு இருந்தா, துணைத்தலைவரே நடத்திடறேன்னாரு."

தனலட்சுமி கணவரின் கையைப் பிடித்து இழுத்தார். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். கண்களில் நீர் முட்டியது. டாக்டர் மேசைமீது இருந்த சீட்டுகளைத் தள்ளி வைத்தார்.

"மொதல்ல குரலைக் கூப்பிட்டுப் பார்ப்போம்."

அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. டாக்டர் அவரை இருமச் சொன்னார். இருமலின் வாலைப் பிடித்து "ம்ம்" என்று இழுக்கச் சொன்னார். வந்தது! "ம்ம்" என்பதை "ம்மா" ஆக்கச் சொன்னார். வந்தது. மாடு, மாமரம், மாலை என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார். எட்டைத் தாண்டும்போது குரல் கூரையை முட்டியது. சுவரில் இருந்த தடுப்பூசி அறிவிப்பை அவர் ஒரு மேடைப் பேச்சு போலப் படித்தார். வெளியே பெஞ்சில் கை தட்டினார்கள். முருகேசன், "போச்சுடா, அமைதி போச்சு" என்றார். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

எனக்கு அப்போது ஒரு கதை தயாராகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் பயம், ஆண்கள் நிறைந்த சபையைப் பார்த்தால் நடுக்கம் என்று. டாக்டருக்கும் அதே எண்ணம்தான். "கிராம சபையில பேசுறதுக்குப் பயமாம்மா?" என்று கேட்டார்.

தனலட்சுமி கம்பீரமாகச் சிரித்தார். "எனக்கா மேடம்? மே மாசக் கூட்டத்துல கலெக்டர் ஆபீஸ்லேருந்து வந்தவரையே நிக்க வெச்சுக் கேட்டவ நான். மைக்கே வேணாம்னு சொன்னேன்."

"அப்ப அன்னைக்கு என்ன படிக்கணும்?"

கைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். ஊராட்சித் தீர்மானம். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். ஏரிக்கு வரும் வரத்து வாய்க்கால் தூர்ந்துபோனது. அந்த ஆண்டு மழையும் குறைவு, பெய்த கொஞ்சமும் ஏரிக்கு வந்து சேரவில்லை. நில அளவையர் வந்து அளந்து கல் நட்டுவிட்டார். வாய்க்காலை ஆக்கிரமித்துப் பயிர் செய்பவர்களின் பெயர்கள் வருமாறு...

குரல் அறுந்தது. விளக்கை அணைத்தாற்போல.

மீண்டும் இருமல், மீண்டும் "ம்மா", மீண்டும் குரல். மீண்டும் படித்தார். அதே இடம், அதே நிறுத்தம். மூன்றாவது முறையும் அப்படியே. உடம்பு இத்தனை துல்லியமாக ஒரு வரியைக் குறிபார்க்குமா? ஒரு சொல்லுக்கு முன்பு வரை வந்து, அதற்கு மேல் ஒரு எழுத்தும் வராமல்!

டாக்டர் முருகேசனை, மருந்துக் கடையில் போய் ஏதோ வாங்கி வரும்படி அனுப்பினார். கதவு சாத்தியதும் நான் கேட்டேன்: "முதல் பெயர் யாருடையதுங்க?"

"எங்க மாமா" என்றார், காற்றுக் குரலில். கணவரின் தகப்பனாரைச் சொன்னார்.

"அவர் பெயர்?"

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினார். வெங்கடாசலம் என்று இருந்தது.

நமக்கும் தெரிந்த வழக்கம்தான். கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் நம் பக்கத்துப் பெண்கள் பலர் வாயால் சொல்வதில்லை. ஆனால் அதன் ஆழம் எனக்கு அதுவரை தெரியாது. கல்யாணமான நாள்முதல் அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லையாம். திருப்பதிப் பெருமாளையே "மலைமேல இருக்கிற சாமி" என்றுதான் வேண்டிக்கொள்வாராம்.

"ரேஷன் கடையில பெயர் கேட்டா?"

"கூட இருக்கிறவங்க யாராச்சும் சொல்லிடுவாங்க."

"அவரைப் பார்த்தா பயமா?"

இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

"பயமா இருந்தா படிச்சுட்டுப் போயிருப்பேனே மேடம். எங்க வூட்டுக்காரரு என்னைய நிக்க வேணாம்னாரு. மாமாதான், 'என் மருமவ நிப்பா, ஜெயிப்பா'ன்னு ஊருக்கே சொன்னாரு. வெயில்ல என்கூட ஓட்டுக் கேட்டு நடந்தாரு. அந்த மனுசன் பேரை மொத மொத நான் சொல்றது, திருடன்னு சொல்றதுக்கா?"

அச்சம் உடம்பை முடக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். அன்பும் முடக்கும், மரியாதையும் முடக்கும் என்று எனக்கு எந்தப் பாடமும் சொன்னதில்லை. நான் தயாராக வைத்திருந்த கதை முழுவதும் தவறு. நல்லவேளையாக அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டேன். கேட்டதால்தான் இது கிடைத்தது.

"அந்தப் பெயரை விட்டுட்டு அடுத்ததிலேருந்து படியேன்" என்றார் டாக்டர்.

"மாமா பேரை வுட்டுட்டு மத்தவன் பேரைப் படிச்சா ஊரு காறித் துப்பாதுங்களா? ரெண்டு தடவ ஊராட்சி எழுத்தரைப் படிக்கச் சொன்னோம். பேரு வர்ற எடத்தை முழுங்கிட்டாரு. பொம்பளைங்க எல்லாம் சேந்து, 'ஓன் வாயால படி, அப்பத்தான் நம்புவோம்'னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா, வாய்க்காலும் போச்சு. நானும் போயிட்டேன்."

முருகேசன் திரும்பி வந்தார். மீண்டும் சீட்டைக் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பக்கம் தகப்பன், மறுபக்கம் மனைவி. அந்தச் சீட்டு இரண்டு பேரையும் காப்பாற்றும் என்று அவர் நம்பினார். டாக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். எழுதிக் கொடுத்தால், இல்லாத புண்ணுக்கு ஓய்வு கொடுத்ததாகும். கூட்டம் துணைத்தலைவர் கைக்குப் போகும். மறுத்தால், சபை நடுவே அந்தப் பெண் ஊமையாக நிற்கக்கூடும். உள்ளே கேட்டதை முருகேசனிடம் சொல்லவும் முடியாது. அது தனலட்சுமி நம்மை நம்பிச் சொன்னது. டாக்டர் தனலட்சுமியைப் பார்த்துக் கேட்டார்.

"சீட்டு வேணுமா?"

"வேணாம்." காற்றாகத்தான் வந்தது. ஆனால் எனக்கும் முருகேசனுக்கும் தெளிவாகக் கேட்டது.

"அப்ப எழுத மாட்டேன். அந்த இடம் வந்தா நில்லு. மூச்சை வுடு. அதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்லம்மா."

சுதந்திர தினம் நமக்கு விடுமுறை. நான் பஸ் ஏறிப் போனேன். நோயாளியின் ஊருக்குப் போவது நம் வேலையில் இல்லை. இனி நீங்களும் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் சபை கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். பெண்கள்தான் அதிகம். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் மெலிந்த ஒரு மனிதர், மருமகளைப் பெருமையோடு பார்த்தபடி அமர்ந்திருந்தார். அவர்தான் வெங்கடாசலம் என்று பக்கத்துப் பெண் சொன்னார். அவருக்குப் பின்னால் துணைத்தலைவர். மைக்கைத் தாங்கும் கம்பி ஆடியதால், முருகேசனே மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியின் அருகில் நின்றார்.

தனலட்சுமி மெல்ல இருமினார். குரல் வந்தது. மழை, ஏரி, அளவை, கல் என்று தீர்மானம் தெளிவாக ஓடியது. "ஆக்கிரமித்துப் பயிர் செய்பவர்களின் பெயர்கள் வருமாறு. ஒன்று..."

நின்றார்.

உதடுகள் அசைந்தன. ஒலி இல்லை. ஒலிபெருக்கியில் காற்று மட்டும் இரைந்தது. துணைத்தலைவர் எழுந்திருக்க வேட்டியைச் சரிசெய்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "படி ஆத்தா" என்றாள்.

அப்போது அது நடந்தது. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் மனைவி இப்படி நிற்கும்போதெல்லாம் முருகேசன் என்ன செய்வாரோ, அதையே யோசிக்காமல் செய்தார். மைக்கைத் தன் பக்கம் சாய்த்து, நிதானமாக, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"வெங்கடாசலம்."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது புரிந்தது. மைக்கைக் கீழே போடாத குறை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சபை வெடித்துச் சிரித்தது. "பெத்த புள்ளையே காட்டிக் குடுத்துட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

முன்வரிசைப் பெரியவர் எழுந்தார். சிரிப்பு அடங்கியது. மகனை ஒரு பார்வை, மருமகளை ஒரு பார்வை. தனலட்சுமி தாளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குத்தானா ஒரு வாரமா பேசாம கெடந்தே?" என்றார் பெரியவர். மருமகள் தலையைக் குனிந்தார். "சரி. வாய்க்கால்ல பருத்தி போட்டது நான்தான். எழுதிக்குங்க. நானே வெட்டி வுடறேன். ஆனா ஒண்ணும்மா. எம் பேரோட நிறுத்திப்புடாத. எனக்கு அடுத்தாப்ல இருக்கிறவனையும் வுடாம படி."

"ரெண்டு!" என்று தனலட்சுமியின் குரல் எழுந்தது பாருங்கள்! மைக் கீச்சிட்டது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. இரண்டாவது பெயர் துணைத்தலைவருடையது. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். கடைசிப் பெயர்வரை ஓர் எழுத்தும் விழுங்கப்படவில்லை. அதன் பிறகு எழுந்த சண்டை மாலைவரை நீண்டது. அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே பதில் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. நான் கை தட்டியதில் என் வளையல் ஒன்று உடைந்தது.

குரலை நாம் மீட்டோம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொண்டையைப் பரிசோதித்து உறுதி செய்தோம். நடிப்பு என்ற பழி வராமல் காத்தோம். இல்லாத நோய்க்குச் சீட்டு எழுத மறுத்தோம். எங்கே வலி பிறந்தது என்று அவரையே சொல்ல விட்டோம். மிச்சத்தை ஒரு கணவரின் பழக்கமும் ஒரு மாமனாரின் மனமும் செய்தன. நம் பங்கு அவ்வளவுதான். அந்தப் பங்கில் குறை வைக்காதீர்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தனலட்சுமி மருத்துவமனை வாசலில் நின்றார். பேச்சு வரவில்லை. அவரை உள்ளே அழைத்துப் போனேன். டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது அசல் வீக்கம். நேத்துக் கத்தின கத்துக்கு. ரெண்டு நாள் வாயே தொறக்கக் கூடாது." இந்த முறை கேட்காமலே சீட்டும் எழுதினார். தனலட்சுமி கைகளை ஆட்டி மறுத்தார். வாய்க்காலில் பத்து மணிக்கு மண் வெட்டும் இயந்திரம் வருகிறது என்று சைகை காட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவருடன் பஸ் ஏறினேன். வாய்க்கால் கரையில் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. எந்த நிலத்திலிருந்து தொடங்குவது என்று ஓட்டுநர் மேலிருந்து கேட்டார். தனலட்சுமி ஒரு பருத்திக் கொல்லையைக் கைகாட்டினார். அதன் வரப்பில் பெரியவர் மண்வெட்டியோடு காத்திருந்தார். நான் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, என்னால் முடிந்த மட்டும் உரக்கக் கத்தினேன்:

"வெங்கடாசலம் ஐயா கொல்லையிலேருந்து!"